மூன்று மணிக்கு எடுப்பு

ஜெயசிங்கைப் பார்த்தால் பஞ்சாயத்து மெம்பர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் கயிற்றுச் சுருளைப் போட்டு, யார் வீட்டு முற்றத்திலாவது கம்பு ஊன்றிக்கொண்டு நிற்பார். கேரள எல்லையோரப் பாறசாலைக்கு வடக்கே கனால் ரோட்டில் அவருடைய வாடகைக் கடை. கல்யாணத்துக்குப் பந்தல், பாத்திரம், நாற்காலி. சாவுக்கு டார்ப்பா, நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி.

ஒரு வீட்டில் உயிர் போனால் முதல் போன் உறவுக்காரருக்குப் போகும். இரண்டாவது போன் ஜெயசிங்குக்கு. பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே வருவார். வயரை எங்கே குத்துவது, தலை எந்தப் பக்கம், வருகிற வண்டிகளை எங்கே ஒதுக்குவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அழுகிற வீட்டில் நிதானமாக நிற்கிற ஒரே ஆள் அவர்தான். அதனால் உடலை எடுக்கிற நேரத்தைக்கூட வீட்டுக்காரர்கள் அவரிடம் கேட்டுத்தான் வைப்பார்கள். இந்துக்கள் ஆனாலும் சரி, சர்ச்சுக்காரர்கள் ஆனாலும் சரி, அவர் நிற்காத அடக்கம் அந்த வார்டில் கிடையாது. தேர்தலில் ஜெயித்ததும் அப்படித்தான். கட்சிக்காரர்கள் நோட்டீஸ் அடித்தார்கள், மைக் கட்டினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. நம்ம அப்பாவைத் தூக்க வந்தவனாக்கும் என்று போட்டார்கள்.

வார்டின் கீழ்க்கோடியில் மூன்று சென்ட் காலனி இருக்கிறது. ஆளுக்கு மூன்று சென்ட் கொடுத்து அரசாங்கம் வைத்த குடியிருப்பு. வீடு போக மிச்சம் ஒரு ஆள் சரிந்து நடக்கிற அளவுதான் இடம். கல்யாணத்தை எப்படியோ வேறு இடத்தில் நடத்திக்கொள்ளலாம். சாவை என்ன செய்வது? வீட்டுக்குள் பெட்டி நுழையாது. வழியில் வைப்பார்கள். மழை வந்தால் டார்ப்பாவில் தேங்கின தண்ணீர் அழுகிற பெண்களின் முதுகில் கொட்டும். புதைப்பதும் அடுக்களைச் சுவரை ஒட்டித்தான்.

காலனி முடிகிற இடத்தில் பஞ்சாயத்துக்குச் சொந்தமான தரிசு ஒன்று கிடந்தது. அதில் ஒரு சின்ன ஹால், கொஞ்சம் நாற்காலி, ஒரு ஃப்ரீசர் பெட்டி. காலனிக்காரர்கள் கேட்டது அவ்வளவுதான். கேட்பவர் பொன்னையன், கொத்தனார். வார்டிலுள்ள ஓட்டர்கள் எல்லாரும் கூடுகிற கிராமசபையில் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று இதையே கேட்பார். ஜெயசிங் தலையை ஆட்டுவார். “பாப்போம் பொன்னையா, பாப்போம்.”

அந்த வருஷம் பார்க்க வேண்டிய நேரம் வந்தது. வார்டுக்கு ஒரு பெரிய வேலைக்குத்தான் பணம் இருந்தது. காலனிக்கு ஹாலா, இல்லை கனால் ரோட்டுக்கு காங்கிரீட்டா என்று கிராமசபை கைதூக்கி முடிவு செய்ய வேண்டும்.

ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது உண்மை. அதைப் போட வேண்டும் என்று ஜெயசிங் சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் மனதில் ஓடினது ரோடு இல்லை. பஞ்சாயத்து ஹாலில் நாற்காலியும் பெட்டியும் பெயருக்கு ஒரு வாடகையில் கிடைத்தால், காலனியும் சுற்றுவட்டமும் பிறகு ஏன் இந்தக் கடைக்கு வரப் போகிறது? இதை அவர் மனைவி மினியிடம்கூடச் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போதும் ரோடு, ரோடு என்றுதான் சொல்லிக்கொண்டார்.

சிக்கல் வேறொன்று. மற்ற ஆட்கள் கிராமசபைக்கு வருவது பஞ்சாயத்து கொடுக்கிற ஆட்டுக்குட்டிக்கோ தென்னங்கன்றுக்கோ பெயர் கொடுக்க மட்டும்தான். காலனிக்காரர்கள் அப்படி இல்லை. கூட்டமாக வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். அவர்கள் வந்தால் ஹால்தான் ஜெயிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எல்.பி. ஸ்கூலில் சபை என்று நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் பொன்னையனின் அண்ணன் ராஜப்பன், பால்வெட்டுக்குப் போன ரப்பர் தோட்டத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். ஜெயசிங் பெட்டியோடு போனார். வழியை அடைத்து டார்ப்பா கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலை ஆராதனை முடிந்த கையோடு ஜெயசிங் வந்து பெட்டியின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொன்னையன் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது.

“எடுப்பு அஞ்சு மணிக்கு வைக்கலாம் மெம்பரே. அண்ணனுக்க மவன் ஸ்ரீஜித்து கோயம்புத்தூர்ல இருந்து வண்டி ஏறியாச்சு. நெய்யாற்றின்கரையில எறங்கி இங்க வர அஞ்சு ஆவும்.”

“அப்ப மூணு மணிக்கு சபை உண்டே பொன்னையா. நீங்க ஆரும் வர மாட்டியளே.”

“அதென்ன அப்பிடி கேக்குதிய? பொம்பளைய இங்க இருப்பாவ. ஆம்பளைய நாங்க ஸ்கூலுக்கு வந்து கைய தூக்கிட்டு ஓடி வந்திருவோம். எனக்க அண்ணன பாத்தியளா, வழியிலயாக்கும் கெடக்கான். ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கான். இந்த தடவயும் ஹால விட்டா பின்ன என்னைக்கு?”

ஜெயசிங் குனிந்து பிளக்கை ஒருமுறை பிடுங்கி மறுபடி குத்தினார். தேவையே இல்லை, நன்றாகத்தான் இருந்தது.

“அஞ்சு ஒக்காது மக்கா,” என்றார். “பூவார்ல ஒரு வீட்டுக்கு இந்த பெட்டிய சொல்லி வச்சிருக்கு. நாலு மணிக்கு அங்க எத்தணும். மூணுக்கு எடுத்தா காரியம் நடக்கும்.”

பூவாரில் யாரும் சாகவில்லை. யாரும் பெட்டி கேட்கவுமில்லை.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராஜப்பனின் மகள் தன்யா நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணன் வந்துகிட்டிருக்கு மாமா. கொறச்சு நேரம் தாமசிக்க முடியாதா? வேற பெட்டி கெடைக்காதா?”

“ஞாயிற்றுக்கெழம ஆரு தருவா மோளே. ஐஸ் வச்சா இந்த வெயிலுக்கு நிக்காது. அப்பா நேத்தே போனதாக்கும். நீங்க யோசிச்சு சொல்லுங்க.”

அவர்கள் யோசிக்கவில்லை. அப்படி ஒரு நாளில் பெட்டி கொண்டுவந்த ஆளைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? பூவாரிலும் ஒரு வீட்டில் இதே மாதிரி அழுதுகொண்டிருப்பார்கள் என்று தன்யாவே சொன்னாள். மூன்று மணி என்று முடிவானது.

“அப்ப சபைய வேற நாளைக்கு மாத்த ஒக்குமா மெம்பரே?” என்று பொன்னையன் கேட்டார்.

“நோட்டீஸ் குடுத்த சபையாக்கும். நியமம் விடாது.”

நியமம் விடும். போன வருஷம் போஸ்ட்மாஸ்டரின் அம்மா இறந்தபோது இதே ஜெயசிங் சபையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார். வார்டில் ஒரு சாவு விழுந்தால் சபை தள்ளிப்போவது அந்தப் பக்கத்து வழக்கம். பொன்னையனுக்கு அது ஞாபகம் வந்ததா, வந்தும் பேசத் தெம்பில்லாமல் இருந்தாரா, தெரியாது.

மூன்று மணிக்கு ஸ்கூலில் முன்வரிசை பெஞ்சு காலி. சபை நடத்த வேண்டிய ஆள் எண்ணிக்கை தேறவில்லை. ஜெயசிங் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களுக்குப் போன் போட்டு வரவழைத்தார். கனால் ரோட்டு ஆட்கள் வந்தார்கள். ரப்பர் ஷீட் கடை நேசையன், ஜெயசிங்கின் சர்ச்சுக்காரர், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தலைமைக்கு வந்த பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஸ்ரீகுமாரி முன்வரிசையைப் பார்த்தார்.

“காலனிக்காரங்க ஒருத்தரயும் காணல்லியே?”

“ஒரு மரணம் உண்டு பிரசிடெண்டே.”

“அப்ப தள்ளி வச்சிருக்கலாமே மெம்பரே.”

“அவிய சம்மதிச்சாவ.”

ஸ்கூலுக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு வாழைத்தோட்டம்தான். ரோட்டுக்குக் கை தூக்கச் சொன்னபோது அந்தப் பக்கத்திலிருந்து அழுகை ஒன்றாக எழும்பியது. பெட்டியைத் திறந்து உடலை எடுக்கும்போது வருகிற அழுகை. ஜெயசிங்குக்கு அது பழகின சத்தம். எத்தனையோ வீடுகளில் அந்த நேரத்தில் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். இன்றைக்கு யார் பிடித்தார்களோ. கைகள் எல்லாம் மேலே இருந்தன. ஒரு பெண் அழுகை வந்த பக்கம் பார்த்து, தூக்கின கையை மெல்ல இறக்கினாள். மற்றவர்கள் இறக்கவில்லை. ரோடு பாஸாயிற்று.

சபை முடிந்து பெட்டியை எடுக்கப் போனபோது நாலரை தாண்டியிருந்தது. சொன்ன நாலு மணியை அழுகிற வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. போகாமல் இருக்க முடியாது, பூவாருக்கு அவசரம் அல்லவா. அடுக்களைச் சுவரோரம் மண்ணை மூடி முடித்திருந்தார்கள். பெட்டியை ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது எதிரே ஒரு ஆட்டோ வந்தது. பின்னால் ஒரு பையன் பையை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்து முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயசிங்கின் ஆட்டோவில் பெட்டியைக் கண்டதும் அவன் முகம் ஒரு மாதிரியானது. வழி குறுகல். இரண்டு வண்டியும் உரசுகிற மாதிரி ஒதுங்கித்தான் போயின. ஜெயசிங் நிறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்ரீஜித் நாற்காலிகளையும் டார்ப்பாவையும் திருப்பிக் கொடுக்க வந்தான். கடையில் மினி இருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவன் கேட்டான்.

“பூவார்ல இருந்து பெட்டி எப்ப வந்தது அத்தே?”

“பூவாரா? அது எங்கயும் போவல்லியே மோனே. ஒங்க வீட்டுல இருந்து கொண்டு வந்து இங்கதானே கெடக்கு. அதுக்கு பிறவு ஆரும் கேட்டு வரல்ல.”

மினிக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் பொய் சொல்கிறவள் இல்லை.

சாயங்காலம் ஜெயசிங் வந்ததும் அவள் சோறு எடுத்து வைக்கவில்லை.

“பூவார்ல செத்தது ஆரு?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“அந்த பையன் கேட்டான். நான் உள்ளத சொல்லிப்போட்டேன். அவன் ஒரு வார்த்த பேசல்ல. கசேரய எல்லாம் அடுக்கி வச்சான். டார்ப்பாய ஒதறி, நல்லா மடிச்சு வச்சான். நான் சாயா போடட்டான்னு கேட்டேன், வேண்டாம் அத்தேன்னான். ரெண்டு ஏச்சு ஏசியிருந்தா எனக்கு இத்தற வெசனம் இல்ல. அப்பனுக்க மொகம் காணாம பண்ணிப்போட்டியளே. என்னத்துக்கு?”

சொன்னார். ஹால், நாற்காலி, கடை. சொல்லும்போதே எவ்வளவு சின்னக் காரியம் என்று அவருக்கே கேட்டது.

“கடை போனா நாம என்னத்த திங்கியது?” என்று முடித்தார்.

“கடை போனா நான் குடும்பஸ்ரீயில மாங்கா அச்சாறு போட்டு விப்பேன். நீங்க மொகத்த எங்க கொண்டு வைப்பிய?”

காலனியிலிருந்து யாரும் வந்து சண்டை போடவில்லை. ஆனால் பேச்சு வெளியே வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் கனால் ரோட்டில் ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர் இறந்தார். ஜெயசிங்குக்குப் போன் வரவில்லை. நெய்யாற்றின்கரையிலிருந்து வேறு ஒருவனின் பெட்டி வந்து, வேறு ஒருவனின் நாற்காலி போட்டிருப்பதை அவர் ரோட்டில் போகும்போதுதான் பார்த்தார். உள்ளே போனார். டார்ப்பாவின் ஒரு முனை தொய்ந்து கிடந்தது. கை அதை இழுத்துக் கட்டப் போனது. நம்ம டார்ப்பா இல்லை என்று ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார்.

நேசையன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, நாலு பேர் கேட்கச் சொன்னார்: “என்ன மெம்பரே, இன்னைக்கு பூவாருக்கு போவல்லியா?”

சாவு வீடு. அங்கே யாரும் சிரிக்கக் கூடாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ரோட்டுக்குக் கை தூக்க ஆள் கூட்டி வந்ததே இந்த நேசையன்தான். அதைத் திருப்பிச் சொல்ல வாய் வந்தது. எந்த முகத்தோடு சொல்வது?

அந்த மாசக் கடைசியில் பொன்னையன் வீட்டுக்கு வந்தார். முற்றத்திலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. கையில் ஒரு மனு. வார்டில் பத்தில் ஒரு பங்கு ஓட்டர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் மெம்பர் தனிச் சபை கூட்டியே ஆக வேண்டும். காலனி முழுக்கக் கையெழுத்துப் போட்டிருந்தது. அன்றைக்குப் பாதியில் கையை இறக்கின பெண்ணும் போட்டிருந்தாள்.

“ஹால் காரியத்த மறுபடி எடுக்கணும்,” என்றார் பொன்னையன்.

“கூட்டுதேன். பொன்னையா, அன்னைக்கு நான்...”

“தேதிய மட்டும் சொன்னா போதும் மெம்பரே.”

சபை நாளில் ஸ்கூல் நிறைந்துபோய் ஜன்னலுக்கு வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். இவ்வளவு கூட்டம் ஆட்டுக்குட்டிக்குக்கூட வந்ததில்லை. வேடிக்கை பார்க்கத்தான் பாதிப் பேர். ஸ்ரீஜித் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போயிருந்தான். தன்யா முன்வரிசையில் இருந்தாள். மினி குடும்பஸ்ரீ பெண்களோடு பின்னால் இருந்தாள்.

முதல் காரியம் எடுக்கும் முன்னால் பொன்னையன் எழுந்தார்.

“பிரசிடெண்டே, எனக்கு ஒண்ணு கேக்கணும். இந்த காரியத்துல மெம்பருக்கு சொந்தமா லாபமோ நஷ்டமோ உண்டா? உண்டுன்னா அவரு இங்க இருந்து நடத்தலாமா?”

ஸ்ரீகுமாரி கண்ணாடியைக் கழற்றினார். “பஞ்சாயத்து கமிட்டியில ஆனா கூடாது,” என்றார். “சொந்த காரியம் வந்தா மெம்பர் சொல்லிட்டு வெளிய போவணும். அங்க நம்ம ஆளுங்க சாயா குடிக்க போறேன்னு சொல்லிட்டு போவாங்க. சாயா குடிச்சு திரும்புததுக்குள்ள மச்சினனுக்கு காண்ட்ராக்ட் கெடைச்சிருக்கும்.” கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “ஆனா இது கிராமசபை. இங்க அந்த நியமம் கட்டாயப்படுத்தாது. அதனால மெம்பர்தான் சொல்லணும். உண்டா, இல்லியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ரோடு வேண்டும் என்று சொன்னது மெம்பருக்குரிய அபிப்பிராயம் என்று சொல்லியிருந்தால் சட்டப்படி யாரும் அவரை அசைக்க முடியாது. இவ்வளவு நாளும் மனதில் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான். எழுந்து நின்றபோது அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. முன்வரிசையில் தன்யா அவரைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உண்டு,” என்றார்.

மினிட்ஸ் எழுதுகிற கிளார்க் பேனாவை எடுத்தார்.

“ஹால் வந்தா எனக்க கடைக்கு ஓட்டம் கொறயும். அதுக்காக்கும் நான் ரோட்டுக்கு நின்னது. ரோட்டுக்காக இல்ல. பின்ன, அன்னைக்கு எடுப்பு அஞ்சு மணிக்கு வைக்க ஒக்காதுன்னு சொன்னது, அதுவும்...”

“அது வேண்டாம் மாமா.”

தன்யா எழுந்து நின்றிருந்தாள். குரல் உயரவில்லை.

“சபையில பேசுதது எல்லாம் மினிட்ஸ்ல எழுதுவாவ. எனக்க அப்பாவுக்க காரியம் பஞ்சாயத்து மினிட்ஸ்ல வேண்டாம். நீங்க கடையப் பத்தி சொல்லிட்டு போவுங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஜெயசிங் எல்லார் முன்னாலும் சொல்லித் தீர்த்தால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார். அதை இறக்கி வைக்க அந்தப் பெண் இடம் கொடுக்கவில்லை. கொடுக்காதது நியாயம் என்றும் அவருக்குத் தெரிந்தது. அந்தச் சாவை ஒருமுறை அவர் தன் வசதிக்கு எடுத்தாகிவிட்டது. இன்னொரு முறை எடுக்க என்ன உரிமை?

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஜன்னலோரம் நின்றவர்கள் வழி விட்டார்கள். ஒரு ஆள் “மெம்பரே, சாயாவுக்கா?” என்று கேட்டான். இன்னொருவன் அவனை இடித்து அடக்கினான்.

மைதானத்தின் ஓரத்தில் போய் நின்றார். உள்ளே கை எண்ணுகிற சத்தம் கேட்டது. கிளார்க் உரக்க எண்ணினார், பாதியில் தவறி மறுபடி எண்ணினார். பிறகு முன்வரிசைப் பக்கம் ஒரே ஆரவாரம். ஹால் பாஸாயிற்று. சந்தோஷப்பட வேண்டுமா, கடையை நினைத்துக் கவலைப்பட வேண்டுமா என்று பார்த்தார். இரண்டும் வரவில்லை. தன் காரியம் முடிந்தது, இனி உள்ளே கூப்பிடுவார்கள் என்று காத்து நின்றார். உள்ளே அடுத்து தெருவிளக்குக் காரியம் எடுத்தார்கள். ஓடை எடுத்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. மறந்துபோனார்களா, வேண்டும் என்றே விட்டார்களா என்று தெரியவில்லை. தானாகப் போய் உட்காரத் துணிச்சல் இல்லை.

சபை கலைந்து ஆட்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். தன்யா எதிர்ப்பக்கமாக நடந்தாள். மினி அருகில் வந்து, “நான் முன்னால போறேன், நீங்க வாங்க,” என்றாள். பொன்னையன் மட்டும் நின்றார்.

“உள்ள கிளார்க் நிக்கான். நீங்க கையெழுத்து போடணுமாம்.”

“ஆங். போறேன்.”

பொன்னையன் போய்விட்டார்.

கிளார்க் பெஞ்சில் மினிட்ஸை விரித்து வைத்திருந்தார். “மெம்பர் வெளியே போனார்ன்னு எழுதியாச்சு. காரணம் எழுதணும். சொந்த ஆவசியம்ன்னு போட்டாப் போதுமா?”

“போதாது,” என்றார் ஜெயசிங். “வாடகைக் கடை எனக்க சொந்தம்ன்னு எழுதும். ஹால் வந்தா எனக்கு நஷ்டம்ன்னு எழுதும்.”

கிளார்க் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். “வேற ஒண்ணும் உண்டா?”

உண்டு. ஜெயசிங் முன்வரிசையில் தன்யா இருந்த இடத்தைப் பார்த்தார்.

“இல்ல. அவ்வளவுதான்,” என்று சொல்லி, குனிந்து கையெழுத்துப் போட்டார்.